இறங்காத தூள்

சனிக்கிழமை காலை பத்து நாற்பதுக்கு, தஞ்சோங் காராங்கில் என் மகள் தர்ஷினி வேலை செய்த காப்பிக் கடையில் எஸ்பிரெசோ இயந்திரம் உறுமிக்கொண்டே நின்றது. ஒரு சொட்டு இறங்கவில்லை. வயலோரத்தில் படம் எடுத்துக்கொண்டிருந்த கூட்டம் கடைக்குள் வர ஆரம்பித்ததால் தர்ஷினி சுவர்க்கடிகாரத்தைப் பார்த்தாளாம். நேரம் அப்படித்தான் எனக்குத் தெரியும். நான் அப்போது கோலசிலாங்கூரில் எங்கள் வீட்டுப் பின்பக்கம் துணி காயப்போட்டுக்கொண்டிருந்தேன்.

இயந்திரத்துக்கு எதிரே உயரமான முக்காலியில் கோடி வீட்டு அக்கா உட்கார்ந்திருந்தார். உள்ளே இருந்தது அவர் கொண்டுபோன தூள்.

அவர் பெயரை எழுதப்போவதில்லை. எங்கள் குடியிருப்பில் யாரும் அவரைப் பெயர் சொல்லிக் கூப்பிட்டதுமில்லை. வரிசையின் கடைசி வீடு அவருடையது. அதனால் எனக்குக் கோடி வீட்டு அக்கா, பிள்ளைகளுக்குக் கோடி வீட்டு ஆன்ட்டி. எஸ்டேட்டில் ரப்பர் போய் எண்ணெய்ச் செம்பனை வந்தபோது லயத்து வீட்டைக் காலிசெய்துவிட்டு வந்த குடும்பம். நான் கல்யாணமாகி அங்கே குடிபோனபோது அவருக்கு நாற்பது வயது இருக்கும். கணவர் லோரி ஓட்டினார், அதிகம் பேசமாட்டார். அக்கா நிறையப் பேசுவார். ஆனால் அவரை நினைத்தால் முதலில் ஞாபகம் வருவது பேச்சு இல்லை. யார் எதைச் சொன்னாலும் தலையை ஆட்டிக் கேட்டுக்கொள்வார். பிறகு எழுந்துபோய் அது உண்மைதானா என்று பார்ப்பார்.

எங்கள் வீட்டுக் கூரை ஒழுகியது. வந்த ஆள் அடைத்துவிட்டேன் என்றார். நான் சரியென்று தேநீர் போட உள்ளே போனேன். அதற்குள் அக்கா செடிக்கு ஊற்றும் ரப்பர் குழாயை இழுத்துவந்து, ஏணியில் அந்த ஆள் நிற்கும்போதே கூரைமேல் பீய்ச்சினார்.

"என்னாக்கா இது! நான்தான் அடைச்சிட்டேன்னு சொல்றேன்ல!"

"நீ சொல்லிட்ட. மழ சொல்லணும்ல."

முன்னறையின் மூலையில் சொட்டியது. அந்த ஆள் முனகிக்கொண்டே திரும்ப ஏறினார். அக்கா குழாயைக் கீழே வைக்கவில்லை.

ஒருமுறை மீன் வாங்க, பாகான் நக்கோடா ஓமார் என்ற மீனவர் ஊருக்கு அவரைக் காரில் கூட்டிக்கொண்டு போனேன். இன்று காலை பிடித்தது என்று மீன்காரர் சத்தியம் செய்தார். அக்கா செவுளைத் தூக்கிப் பார்த்தார், கண்ணை அழுத்திப் பார்த்தார், மோந்தார். பிறகு படகுத்துறைக்குப் போய் ஒரு கவிழ்த்த கூடைமேல் உட்கார்ந்துவிட்டார். அடுத்த படகு வரும்வரை அசையவில்லை. திரும்பி வந்தபோது அந்த மீன்காரர் மலாயில் கேட்டார்: "கடல்லேர்ந்து நீங்களே எட்டிப் பிடிச்சீங்களா?" அக்கா சிரிக்காமல், "கை எட்டல" என்றார்.

இதெல்லாம் வேடிக்கை. வேடிக்கையாக இல்லாததும் நடந்திருக்கிறது. கோயில் திருவிழாவில், சாமிக்குப் படைப்பதற்கு முன்பே சர்க்கரைப் பொங்கலை ஒரு விரல் தொட்டு வாயில் வைத்துவிட்டார். படைக்காததை ருசி பார்க்கலாமா? அடுப்படியில் நின்ற பெண்கள் பதறிப்போனார்கள். கோயில் தலைவர் வந்து சத்தம் போட்டார்.

"சக்கர பத்தல" என்றார் அக்கா. "சாமி வாயத் தொறந்து சொல்லாது. அப்ப யாரு சொல்றது?"

இன்னொரு பானை பொங்கல் புதிதாக வைக்க வேண்டியதாயிற்று. சர்க்கரை கூட்டித்தான் போட்டார்கள். ஆனால் அதன்பிறகு அவரை அடுப்படிப் பக்கம் விடவில்லை. அதற்காக அவர் வருத்தப்பட்டதாகவும் தெரியவில்லை. பந்தியில் உட்கார்ந்து, சாம்பாரில் உப்பு எப்படி என்று எல்லோருக்கும் கேட்கிற மாதிரி சொல்லிக்கொண்டே சாப்பிட்டார்.

அவருடைய அண்ணன் ஒருவர் ஒருமுறை ரவாங்கிலிருந்து வந்திருந்தார். "சின்னதுல அடுப்புக் கல்லு சுடும்டின்னு அம்மா சொன்னாங்க. ஒடனே கைய வச்சுப் பாத்தா. வெந்துபோச்சு. அழலையே! 'ஆமாம்மா, சுடுது'ன்னு போய் சொல்லிட்டு வந்தா" என்றார். அக்காவின் உள்ளங்கையில் அந்தத் தழும்பு இன்னும் இருந்தது.

அவர் எங்கள் தெருவுக்கு ஃபில்டர் காப்பியைக் கொண்டுவந்த கதையைச் சொல்ல வேண்டும். எஸ்டேட் குடும்பங்களில் காப்பி என்றால் துணிப்பையில் வடிப்பதுதான். இங்கே மலேசியாவில் கொட்டையைச் சர்க்கரையும் மார்ஜரினும் சேர்த்துக் கறுக்க வறுத்து அரைப்பார்கள். பையில் போட்டுக் கொதிநீர் ஊற்றினால் பாகு மணத்தோடு கறுப்பாக இறங்கும். அக்கா பிறந்ததிலிருந்து அதைத்தான் குடித்தார், அதில்தான் பிஸ்கட் தொட்டுச் சாப்பிட்டார். பிறகு கோயில் சுற்றுலாவாகத் தமிழ்நாட்டுக்குப் போனார். கும்பகோணத்தில் ஒரு கடையில் கொடுத்த காப்பியைக் குடித்துவிட்டு, எப்படிப் போட்டார்கள் என்று கேட்டிருக்கிறார். சொன்னார்கள். அவருக்குப் போதவில்லை. சமையற்கட்டுக்குள்ளேயே போய் நின்றுவிட்டார். பேருந்து அவருக்காகக் காத்திருந்தது. திரும்பி வரும்போது கோயில் விபூதியோடு ஓர் எவர்சில்வர் ஃபில்டரும் வந்தது.

மறுநாள் அதில் நம் ஊர்த் தூளைப் போட்டு வெந்நீர் ஊற்றினார். மதியம் என் வீட்டு வாசலுக்கு வந்தார்.

"காலைல ஊத்துனது. ஒரு சொட்டு இறங்கல. ஊர ஏமாத்திட்டான் போல இருக்கு, அந்தக் கும்பகோணத்துக் கடக்காரன்."

போய்ப் பார்த்தேன். மேலடுக்கில் தண்ணீர் குளம் போல நின்றிருந்தது. வறுத்த சர்க்கரை வெந்நீரில் இளகி, அடியில் இருந்த ஊசித் துளைகளில் போய் ஒட்டிக்கொண்டு அடைத்துவிட்டது. துணியானால் கொஞ்சம் இழுத்துக்கொடுக்கும். எவர்சில்வர் கொடுக்காது. அக்கா தட்டினார், ஆட்டினார், ஊதினார். கடைசியில் எல்லாவற்றையும் வாழை மரத்தடியில் கொட்டிவிட்டு ஊசியால் துளைகளைக் குத்தி எடுத்தார். நஷ்டம் அவ்வளவுதான். பிறகு கிள்ளானிலிருந்து சிக்கரி கலந்த இந்தியத் தூள் வாங்க ஆரம்பித்தார். காலையில் அவர் வீட்டு மணம் எங்கள் வீடுவரை வரும். பக்கத்தில் இருந்தவர்கள் 'இந்தியாக்காரி' என்று கேலி செய்துகொண்டே போய் ஒரு டம்ளர் குடித்துவிட்டு வருவார்கள்.

தர்ஷினி கணக்கியல் படித்தாள். படித்துவிட்டு, கோலாலம்பூரில் காப்பிக் கடையில் நிற்கப்போகிறேன் என்றாள். நான் என்னென்ன சொன்னேன் என்பது எல்லாப் பெற்றோருக்கும் தெரியும். சில வருடம் கழித்து, ஃபாரா என்ற தோழி தஞ்சோங் காராங்கில் வயலைப் பார்த்தபடி கடை திறந்தபோது இவள் அங்கே வந்து சேர்ந்தாள். வீட்டிலிருந்து போய்வரும் தூரம் என்பதில் எனக்கு நிம்மதி. உறவினர்கள் வந்து குடித்துவிட்டு அருமை, பிரமாதம் என்றார்கள். ஒருத்தர்கூட முழுக் கோப்பையையும் முடிக்கவில்லை.

அக்காவையும் கூட்டிப்போனேன்.

"இது எஸ்பிரெசோ ஆன்ட்டி. சின்னக் கப்புதான், மெதுவா குடிங்க."

"என்னாடி இது, காய்ச்சலுக்கு மருந்து ஊத்துன மாதிரி?"

"குடிச்சிட்டுச் சொல்லுங்க லா."

அக்கா ஒரு வாய் வைத்தார். கண்ணை மூடிக்கொண்டு மீதியையும் குடித்து முடித்தார். "முன்னால புளிக்கிது. அப்புறம் கசக்கிது. முழுங்குன அப்புறமும் ஏதோ ஒன்னு நாக்குல ஒக்காந்துகிட்டு எறங்க மாட்டேங்கிது."

"அந்தக் கடசியில ஒக்காந்துருக்குல்ல, அதுக்குத்தான் ஆன்ட்டி இவ்ளோ பெரிய மெஷின்."

என் மகளின் முகம் அப்படி மலர்ந்து நான் பார்த்து வெகுநாளாகியிருந்தது. வந்தவர்களில் முழுதாகக் குடித்துவிட்டுச் சொன்னவர் அக்கா ஒருவர்தான்.

பதிலுக்கு அவள் அக்கா வீட்டுக்குப் போய் ஃபில்டர் காப்பி குடித்தாள். டம்ளரை வைத்துவிட்டு, "மணமா இருக்கு ஆன்ட்டி. பாலோட நல்லா சேருது. ஆனா கோப்பி எங்க? சிக்கரிதான் முன்னால வந்து நிக்கிது" என்றாள். நான் அவளை முறைத்தேன். அக்கா எழுந்துபோய், பாலில்லாமல் வெறும் டிகாஷனை ஒரு வாய் குடித்துப் பார்த்துவிட்டு வந்து, "ஆமா" என்றார். அடுத்த வாரமே சிக்கரி குறைந்த தூள் வந்தது.

அதிலிருந்து இருவருக்கும் ஓயாத வாதம். நான் பள்ளியில் கணக்கு சொல்லிக்கொடுக்கிறவள், காப்பியில் பெரிய அக்கறை இல்லை. ஆனால் கேட்டுக்கேட்டு எனக்கும் கொஞ்சம் விளங்கியது. ஃபில்டரில் தண்ணீர் தன் எடையால் தானே இறங்குகிறது. வேண்டிய நேரத்தை அது எடுத்துக்கொள்ளும். வருவது தெளிவாக, மென்மையாக இருக்கும், பாலையும் சர்க்கரையும் ஏற்றுக்கொள்ளும். எஸ்பிரெசோவில் தூளை இன்னும் நைசாக அரைத்து இறுக்கி அமுக்கி, அதற்குள் சுடுநீரை இயந்திரம் பலமாகத் தள்ளுகிறது. அரை நிமிடத்தில் முடிந்துவிடும். கொட்டையிலுள்ள எண்ணெயும் சேர்ந்து வருவதால்தான் அந்தக் கெட்டியும், மேலே பழுப்பு நுரையும், நாக்கில் நிற்கிற கசப்பும்.

"ஏன் தள்ளணும்? அதுவா வரட்டுமே" என்பார் அக்கா.

"அதுவா வந்தா எண்ண வராது ஆன்ட்டி."

"தள்ளுனா எல்லாம் வந்துருமா?"

"வரும்."

ஒரு வெள்ளிக்கிழமை மாலை என் வீட்டில் உட்கார்ந்திருந்தபோது அக்கா சொன்னார்: "என் ஃபில்டர்ல இறங்காத தூள் ஒன்னு இருக்கு. நம்ம ஊர் தூள். ஒன் மெஷினு அதத் தள்ளிக் காட்டட்டும். அப்ப ஒத்துக்கிறேன்."

"நாளைக்கே வாங்க. பஸ்ஸுல வராதீங்க, நானே ஏத்திக்கிட்டுப் போறேன்."

நாங்கள் மூவருமே சிரித்தோம்.

அன்று கடையில் நடந்ததைப் பிறகு ஃபாராவும் தர்ஷினியும் சொன்னார்கள். முதலில் தர்ஷினி கொஞ்சமாகத் தூள் போட்டாள். கரிய சாறு அரைக் கோப்பைக்குச் சொட்டியது. "அரைதான் வந்துருக்கு. இது கணக்குல சேராது" என்றார் அக்கா. சுற்றி நின்றவர்கள் சிரித்தார்கள். தர்ஷினி தூள் போடும் கைப்பிடிக் கிண்ணத்தை வழித்துவிட்டு, இந்தமுறை நிரப்பி அமுக்கி மாட்டினாள். இயந்திரம் உறுமியது. ஒன்றும் வரவில்லை. நிறுத்தினாள். நிறுத்தினால் உள்ளே மீந்த அழுத்தம் ஒரு சிறிய வழியாகத் தானே வெளியேறிவிட வேண்டும். முதல்முறை உருகிய சர்க்கரை அந்த வழியிலும் போய் உறைந்திருந்தது. அது வெளியே தெரியாது. ஆட்கள் வரிசையில் நிற்க ஆரம்பித்திருந்தார்கள். அதைக் கழற்றிப் பார்க்க அவள் கைப்பிடியைப் பிடித்துத் திருகினாள்.

ஃபில்டரில் அடைத்துக்கொண்டால் தண்ணீர் மேலேயே நிற்கும், ஆறிப்போகும், வாழைக்குக் கொட்டலாம். தள்ளுகிற இயந்திரத்தில் அடைத்துக்கொண்டால், தள்ளியது எங்காவது போயாக வேண்டும். இது அக்காவுக்குத் தோன்றவில்லை. இத்தனை வருடம் அந்த வேலை பார்த்தவளுக்கும் அந்த நேரத்தில் தோன்றவில்லை. கொதிக்கும் சேறு அவள் வலது கையிலும் கழுத்திலும் முகத்திலும் அடித்தது. வலது கண்ணிலும்.

ஃபாரா அவளை இழுத்துப்போய்க் குழாய்த் தண்ணீருக்கடியில் பிடித்துக்கொண்டாள். எனக்குத் தொலைபேசியில் சொன்னவளும் அவள்தான். நான் எப்படிக் கார் ஓட்டினேன் என்று இன்றும் தெரியவில்லை. அக்கா என்ன செய்தார் என்று பிறகு கேட்டேன். முக்காலியை விட்டு இறங்கி அப்படியே நின்றாராம். ஆம்புலன்ஸ் போனபிறகு பஸ் ஏறி வீட்டுக்கு வந்திருக்கிறார்.

ஆஸ்பத்திரியில் கையும் கழுத்தும் ஆறிவிடும் என்றார்கள். கருவிழியின் மேல்படலம் வெந்திருக்கிறது, எவ்வளவு ஆழம் என்று கட்டைப் பிரித்தபிறகே சொல்ல முடியும் என்றார் டாக்டர். பார்வை போய்விடுமா என்று கேட்டேன். பார்ப்போம் என்றார். அந்த ஒரு சொல்லை வைத்துக்கொண்டு நான் நாட்களைக் கழித்தேன். வந்தவர்கள் எல்லோரும், "ஒன்னும் ஆவாது லா, சாமி இருக்கு" என்று என் தோளைத் தட்டினார்கள். எதையும் என்னால் நம்ப முடியவில்லை. மனம் நோகாமல் இருக்கச் சொல்வது எனக்கு வேண்டாம். ஒருவர் அவள் அருகில் உட்கார்ந்து, பார்த்து, இருக்கிறதை இருக்கிறபடி சொல்ல வேண்டும் என்று தவித்தேன். அப்படிச் சொல்லக்கூடியவர் எனக்குத் தெரிந்து ஒருவர்தான். அவர் வீட்டுக் கதவு சாத்தியே இருந்தது.

மாற்றுத்துணி எடுக்க வீட்டுக்கு வந்தபோது அந்தக் கதவைத் தட்டினேன். உள்ளே ஆள் நடமாடும் சத்தம் கேட்டது. திறக்கவில்லை. தெருவில் காப்பி மணமும் இல்லை. எனக்குக் கோபம் பற்றிக்கொண்டு வந்தது. என் மகளின் கண்ணை வைத்துத்தான் உங்கள் சோதனையா என்று கேட்க வேண்டும். கேட்க வேண்டிய வார்த்தைகளை ஒவ்வொன்றாகச் சேர்த்துவைத்துக்கொண்டேன்.

கட்டைப் பிரித்த அன்று டாக்டர் சுவரிலிருந்த எழுத்துகளைக் காட்டினார். "மங்கலா இருக்கு" என்றாள் தர்ஷினி. எனக்கு அந்தச் சொல் மட்டும்தான் காதில் விழுந்தது. பார்வை இருக்கிறது, மங்கல் போகப்போகக் குறையும், கொஞ்சம் நிலைத்தாலும் நிலைக்கலாம் என்று டாக்டர் விளக்கியதை என் கணவர்தான் கேட்டுவந்து இரண்டாம் முறை எனக்குச் சொன்னார்.

வீட்டுக்கு வந்தாள். அதன்பிறகு வந்தவர்கள் எல்லோரும் அவளைச் சோதித்தார்கள். இடது கண்ணைப் பொத்திக்கொள், இது எத்தனை விரல் என்றார்கள். என் சேலை என்ன நிறம் என்றார்கள். அத்தை ஒருத்தி ஊசியில் நூல் கோக்கச் சொன்னாள். நானும் விடவில்லை. காலையில் எழுந்ததும் சுவர் நாட்காட்டியை வாசிக்கச் சொன்னேன், மாலையிலும் சொன்னேன். நேற்றைவிடத் தெளிவாக இருக்கிறதா என்று கேட்டேன். ஒருநாள் அவள் நாட்காட்டியைக் கழற்றித் தரையில் எறிந்தாள்.

"தெரியுதுன்னா தெரியுதும்மா! நான் சொன்னா போதாதா ஒங்களுக்கு?"

அன்று சாயங்காலம்தான் அக்கா வந்தார். இப்போது அவர் மகனோடு ஜொகூரில் இருக்கிறார். இந்தப் பக்கம் வருவதில்லை. அவரை நினைக்கும்போதெல்லாம் அந்தச் சாயங்காலத்து உருவம்தான் வருகிறது. கையில் ஒன்றும் கொண்டுவரவில்லை. தலை சீவாமல் இருந்தது. வாசலிலேயே செருப்பைக் கழற்றிவிட்டு, என்னைப் பார்க்காமல், தர்ஷினி இருந்த நாற்காலிக்கு எதிரே போய் உட்கார்ந்தார். அவள் கழுத்துத் தோல் இளஞ்சிவப்பாகச் சுருங்கியிருந்தது. கண் இன்னும் சிவந்திருந்தது. நான் சேர்த்துவைத்திருந்ததைப் பேச வாயெடுத்தேன். தர்ஷினி முந்திக்கொண்டாள்.

"வாங்க ஆன்ட்டி. எங்க காணோம்? ஊர்ல எல்லாரும் பாத்துட்டாங்க, நீங்க ஒருத்தர்தான் பாக்கி." உள்ளங்கையால் இடது கண்ணை அழுத்திப் பொத்திக்கொண்டு முகத்தை அவர் பக்கம் நீட்டினாள். "ம், கேளுங்க. எத்தன வெரல்?"

அக்கா விரல் எதையும் காட்டவில்லை. இரண்டு கையையும் நீட்டி, பொத்தியிருந்த அவள் கையை மெல்லப் பிரித்து எடுத்துத் தன் மடியில் வைத்துக்கொண்டார்.

"நான் ஒன்னும் பாக்க வேணாம்மா. நீயே சொல்லு, கேட்டுக்கிறேன்."